கோப்பித் தோலுக்கு வந்த மரியாதை

தமுக்குச் சத்தம் கேட்டபோது நான் பானைக்குள் முழங்கை வரை விட்டு, வழுவழுத்த கோப்பிக் கொட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். உலகத்தில் எத்தனையோ நல்ல நேரங்கள் இருக்க, அரசாங்கம் எனக்கென்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது.

அக்குறணையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்கக் கோப்பிச் செடிகள். செடி இல்லாத வீடு ஊரிலேயே இல்லை. பழம் பழுத்தால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பாயை விரித்து, பழத்தைக் கொட்டி, தோலோடு வெயிலில் கருக விடுவார்கள். பிறகு உரலில் போட்டு இடித்துக் கொட்டையை எடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்காது. கண்டியில் கோப்பி வாங்கும் பெரிய கடைக்காரர்கள் அதைத் தொட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

தோட்டத்துக் கோப்பி வேறு சாதி. அலவத்துகொடைக்கு மேலே மலையில் ஒரு துரையின் தோட்டம் இருந்தது. அங்கே நான் பொதிமாட்டில் அரிசி கொண்டுபோவேன். பழம் பறித்த அன்றைக்கே யந்திரத்தில் போட்டுத் தோலை உரிப்பார்கள். கொட்டையைத் தொட்டியில் ஊற வைத்து, கழுவி, களத்தில் காயவைத்தால் மேலே வெள்ளைச் சவ்வோடு மணமகன் மாதிரி மினுங்கும். அந்தக் கோப்பியோடு கடைக்குப் போனால் உட்காரக் கதிரை கிடைக்கும். நம் கோப்பியோடு போனால் படியில் நிற்க வேண்டும்.

எனக்கும் கதிரையில் உட்காரும் ஆசை வந்தது. யந்திரம் இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே! பழத்தைப் பெரிய தாச்சியில் கொட்டி, நானும் மனைவியும் ஏறி மிதித்தோம். மூன்று தடவை வழுக்கி விழுந்தது நான். சிரித்தது அவள். உரிந்த செந்நிறத் தோலை வேலியோரம் குவித்தேன். இரண்டு நாளில் அது புளித்து நாறத் தொடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் அண்ணன் வீடு, அவள் ‘நாநா’ என்பாள். ஊரில் நான் பகிடிக்காரன் என்றால் என் மச்சான் மூக்குக்காரர். எதையும் முதலில் மோப்பம் பிடிப்பது அவர்தான்.

“மச்சான், ஒங்கட பக்கத்தில என்னமோ மவுத்தாகிக் கிடக்கு” என்றார் வேலிக்கு மேலால்.

“என்ட மானம்தான்” என்றேன். “அடக்கம் செய்ய ஆள் தேடுறன்.”

அப்போதுதான் தமுக்கு. பானையை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

தோட்டத்துக் கோப்பி களவு போவதை நிறுத்தத் துரைமார் ஏற்கெனவே என்னென்னவோ செய்து பார்த்திருந்தார்கள். காயவைக்கும் களத்தைப் பங்களா விறாந்தைக்கு நேரே வெட்டினார்கள், கதிரையில் இருந்தபடியே ஒரு கண் வைத்திருக்க. சாக்குகளில் வர்ணத்தால் குறி போட்டார்கள். வண்டிகளைக் கூடாரத்தோடு சேர்த்துக் கட்டி முத்திரை வைத்தார்கள். எல்லா வண்டியும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்றுதான் போகவேண்டும். அங்கே ஒருவன் சாக்குகளைக் குத்திப் பார்ப்பான். வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சாக்கின் அடியில் ஒரு விரல் நுழையும் ஓட்டை போட்டுக் கொஞ்சம் உருவுவார்கள். நிறை குறையாதிருக்க மீதிக் கோப்பியில் தண்ணீர் தெளிப்பார்கள். கொழும்புக்குப் போய்ச் சேரும்போது சாக்கு கனமாகவும் கோப்பி முளைவிட்டும் இருக்கும். இந்தக் கதைகளைத் தெருவில் நின்று கைதட்டிச் சிரித்துக் கேட்டவன் நான்.

இப்போது தமுக்கு அடித்தவன் சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. இனிமேல் கோப்பி வைத்திருக்கிறவன் அது தன் கைக்கு எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாதவன் கள்ளன். அவனுக்குத் தண்டம், கண்டிச் சிறை, போதாதென்று முதுகில் பிரம்படி. தோட்டக் கோப்பி போலக் கழுவிய கோப்பி வீட்டில் இருந்தால் விசேஷமாக விசாரிக்கப்படும். பிடித்துக் கொடுப்பவனுக்குத் தண்டப் பணத்தில் பாதி சன்மானம்.

பாதி! அந்தச் சொல் தெருவில் விழுந்ததும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எல்லோரும் அக்கம்பக்கத்து வீடுகளை அளப்பது மாதிரி இருந்தது. நான் என் கையைப் பார்த்தேன். முழங்கை வரை கோப்பி வழுவழுப்பு. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். பின்னால் நின்றவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதுவரை என்னைக் கள்ளன் என்று நிரூபிப்பது அரசாங்கத்தின் வேலை. அன்றிலிருந்து கள்ளன் இல்லை என்று நிரூபிப்பது என் வேலை. நாற்பது வயது தாண்டும்வரை யோக்கியமாக இருந்தேன். அதற்கொரு அத்தாட்சி எடுத்து வைக்கவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“நம்மட செடி, நம்மட கோப்பி. நீங்க ஏன் நடுங்குற?” என்றாள் மனைவி.

“ஊரில கழுவின கோப்பி யாரிட்ட ஈக்கிது? தோட்டத்தில ஈக்கிது. நம்மட பானையில ஈக்கிது. நீதவான் துரை எதை நம்புவார்?”

“விதானையார்ட்ட போய் உள்ளதைச் செல்லுங்க.”

“நான் உள்ளதைச் சொன்னா அந்த மனிசன் சிரிப்பாரே!”

அதுதான் என் பிரச்சினை. விதானையார் எங்கள் ஊரின் தலைவர். அவர் எழுதி அனுப்பினால் கண்டி நீதவானிடம் நேரே போய் நிற்க வேண்டும். அவரிடம் நான் அவிழ்த்துவிட்ட பகிடிகள் ஏராளம். பொதிமாடு ஒன்று எனக்கு ஸலாம் சொன்னதாக ஒருமுறை அவரை நம்பவைத்து, அந்த மாட்டின் முன்னால் அவரை வெகுநேரம் நிறுத்தியிருக்கிறேன். இனி என் வாயிலிருந்து வரும் எதையும் அவர் மாட்டைக் கேட்டுவிட்டுத்தான் நம்புவார்.

ஆகவே யோசிக்கவேண்டிய நேரத்தில் நான் ஓடினேன். அன்று பின்னேரம் மழை பிடித்தது. தெருவில் ஒரு குருவி இல்லை. வேலியோரத்துத் தோல் குவியலைக் கூடை கூடையாக அள்ளி, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போய் ஊர் ஆறான ஓயாவில் கொட்டினேன். கள்ளத்தனமாகக் கோப்பி உரித்ததற்கு அடையாளமே இருக்கக்கூடாது என்பது என் திட்டம். ஓயா கலங்கிப் பெருகியிருந்தது. சிவந்த தோல்கள் கூட்டமாக மிதந்து வளைவில் மறைந்தன. எவ்வளவு பெரிய மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வளைவுக்கு அப்பால் விதானையார் குளித்துக்கொண்டிருந்தார். மழையில் குளித்தால் உடம்புக்கு நல்லதென்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். (நான்தான்.)

மறுநாள் பள்ளிவாசல் வாசலில் அவர் தாடியைக் கோதிக்கொண்டு நின்றார். “எந்த ஹராங்குட்டி ஓயாவில குப்பை கொட்டினது? தாடி பூரா தோலு! மூணு தடவை சவுக்காரம் போட்டும் நாத்தம் போகல்ல!” என்று கத்தினார். கூட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தமாக அந்தக் குற்றவாளியைத் திட்டியது நான்.

கோப்பியை என்ன செய்வது? ஈரம் போகாமல் சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே காயவைத்தால் ஊர் பார்க்கும். அடுப்புச் சூட்டில் உள்ளேயே காயவைத்தோம். காய்ந்ததும் தலையணைகளின் இலவம்பஞ்சை உருவிவிட்டு அதற்குள் நிரப்பினேன். மிஞ்சியதைக் கதிரை மெத்தைக்குள் திணித்தேன். தோலையும் கொட்டையையும் இப்படிப் பிரித்து ஒளித்ததில் எனக்கு ஒரு கலைஞனின் பெருமை. ஆனால் கழுவிய கோப்பியின் சவ்வு காய்ந்தால் சருகு மாதிரி. தலையைத் திருப்பினால் சலசல. மூச்சு விட்டால் சலசல. மதியம் சற்றுத் தலை சாய்த்தால்கூட யாரோ காதுக்குள் என் பெயரைச் சொல்லிக் கோள் மூட்டுவது போல இருக்கும்.

அதற்குள் ஊரில் ஒரு புதுமை. எல்லோரும் எல்லோரையும் சுகம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்! கலியாணத்துக்குக் கூப்பிட்டால் கால்வலி என்றவர்கள் கூப்பிடாமல் வந்து குசினி வரை நடந்தார்கள். “அடுப்பு நல்லா எரியுதா?” என்று பானைகளைத் திறந்து பார்த்தார்கள். கோப்பி வறுக்கும் மணம் வந்தால் தெருவில் நான்கு பேர் நின்று மூச்சை இழுத்தார்கள். வீட்டில் கோப்பி குடிக்கப் பயந்து இஞ்சித் தண்ணீருக்கு மாறிய குடும்பங்களும் உண்டு. துரையின் கோப்பியைப் பாதுகாக்கப் போட்ட சட்டத்தால் எங்கள் ஊரில் சொந்தபந்தம் தழைத்தது.

மச்சானும் வந்தார். வந்தவர் நேரே அந்தக் கதிரையில் உட்கார்ந்தார்.

சலசல.

“என்ன மச்சான், கதிர பேசுது?”

“பஞ்சு பழசு. இருமுது.”

அவர் எழுந்து மறுபடி உட்கார்ந்தார். சலசல. மூக்கு இருமுறை விரிந்தது. என் மனைவி இஞ்சித் தண்ணீர் கொண்டு வந்தாள். கிண்ணம் தட்டில் தாளம் போட்டது. அவர் அதைக் குடித்து, “சுகமா இருங்க” என்று சொல்லிவிட்டு, ஒருபோதும் இல்லாத மரியாதையோடு போனார். அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. விதானையார் வீட்டுப் பக்கம் போனார்.

மறுநாள் காலை விதானையார் முற்றத்தில் நான் நின்றேன். எனக்குப் பக்கத்தில் என் தலையணைகள் நின்றன. தோட்டத்திலிருந்து கணக்கப்பிள்ளையும் வந்திருந்தார். கூலியாட்களையும் களத்தையும் மேற்பார்க்கும் ஆள், கடல் தாண்டி வந்தவர். கோப்பி குறைந்தால் துரையிடம் ஏச்சு வாங்குவது அவர்தான். ஆகவே என்னைப் பார்த்ததில் அவருக்கு மனம் நிறைந்த சந்தோஷம். விதானையார் முன்னால் மையும் காகிதமும் இருந்தன. அதில் அவர் எழுதினால் எனக்குக் கண்டிச் சிறை. என் முதுகு அப்போதே அரிக்கத் தொடங்கியது.

ஒரு தலையணையை அவிழ்த்தார்கள். கணக்கப்பிள்ளை ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தார்.

“கழுவுன காப்பிங்க. நம்ம தோட்டத்துக் காப்பி மாதிரிதான் இருக்குது. ஆனா கொட்டையில பேரா எழுதியிருக்குது?”

“இது என்ட செடியில காய்ச்சது, விதானையார். காலால மிதிச்சு நானே உரிச்சேன்” என்றேன்.

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். விதானையார் சிரிக்கவில்லை. “அந்த மாடு ஸலாம் சொன்ன மாதிரியா?”

“அல்லாஹ்வாணை, மெய்!”

“சரி. நீ உரிச்சா தோல் ஈக்கணும். தோட்டத்துக் கோப்பிய களவெடுத்தவனிட்ட கொட்டை மட்டும்தான் ஈக்கும். தோல் எங்க?”

தோல்! என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருள் அது. அதைத்தான் நான் மழையில் நனைந்து, மூச்சிரைத்து, தலையில் சுமந்து போய் என் கையாலேயே தொலைத்திருந்தேன். ஓயாவில் கொட்டினேன் என்று சொன்னால் சிறைக்கு முன்பே தாடிக்கான கணக்கைத் தீர்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு. பிரம்படியா, தாடியா என்று நான் உள்ளுக்குள் நிறுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிலைமையிலும் தாடிதான் பயங்கரமாகத் தெரிந்தது.

“பாத்தீங்களா! பேச்சு இல்ல!” என்றார் மச்சான். சன்மானம் ஏற்கெனவே அவர் மடியில் விழுந்துவிட்டது போலக் குதித்தார்.

விதானையார் பேனையை எடுத்தார். “உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்த?” என்று மச்சானைக் கேட்டார்.

இந்த இடத்தில் மச்சான் ‘கதிர பேசிச்சு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வந்திருக்கமாட்டேன். ஆனால் பாதிப் பணம் என்பது ஆளை அதிகம் பேசவைக்கும். சாட்சியை எவ்வளவு கனமாக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று அவர் நினைத்தார்.

“எப்பவோ தெரியும், விதானையார்! தமுக்கு அடிக்க முந்தியே தெரியும். வேலியோரம் இவர் ஒரு குவியல் போட்டீந்தார், இந்த உயரம்! என்ன நாத்தம்! ஈ மொய்ச்சு எங்கட ஊட்டில சோறு திங்க ஏலாது. செவப்பா, வழவழன்னு…”

“என்ன குவியல்?”

“கோப்பித் தோல்தான்! என்ட மூக்குத் தப்பாது!”

முற்றத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் மட்டும் இன்னும் கையால் உயரம் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கை மெல்லக் கீழே இறங்கியது.

கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயா, எங்க காப்பி களவு போகும், சாக்கு களவு போகும், வண்டி மாடுகூடக் களவு போகும். குப்பைத் தோலை எந்தக் காலத்துல எவன் எடுத்தான்? இந்த ஆளு உரிச்சதுதாங்க. என்னைய விட்டுருங்க, நான் போறேன்.”

ஆனால் விதானையார் என்னை விடவில்லை. அவர் கை தாடிக்குப் போயிருந்தது. “அந்தத் தோல் இப்ப எங்க?” என்று மறுபடியும் கேட்டார். குரல் மிக மென்மையாக இருந்தது.

“ஓயாவில” என்றேன்.

“எப்ப?”

“நீங்க குளிக்கக்குள்ள.”

அவர் எழுந்த வேகத்தில் மை கவிழ்ந்து காகிதம் முழுக்க ஓடியது. கண்டிக்குப் போகவேண்டிய காகிதம் அது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான கறையை நான் பார்த்ததில்லை. அவர் என்னை ஏசிய ஏச்சை இங்கே அச்சில் போட முடியாது. ஏச்சு முழுவதையும் நான் சிரித்த முகத்தோடு, பன்னீர் தெளிப்பது போல வாங்கிக்கொண்டேன். ஏசப்படுகிறவன் சிறைக்குப் போவதில்லை!

அதன்பின் விதானையார் ஊருக்குத் தன் சொந்தச் சட்டம் ஒன்று போட்டார். கோப்பி கழுவ விரும்புகிறவன் தோலைத் தன் வாசலுக்கு முன்னால் எல்லோரும் பார்க்கக் குவிக்கவேண்டும். கோப்பி விற்றுப் போகும்வரை எடுக்கக்கூடாது. குவியலைப் பார்த்தால் கோப்பியின் அளவு தெரியும். தோல் இல்லாத கோப்பி களவுக் கோப்பி. துரைமாருக்குக்கூட இது தோன்றவில்லை என்று நான் பள்ளிவாசலில் அவரைப் புகழ்ந்தேன். கொஞ்சம் வஞ்சகப் புகழ்ச்சி. ஆனால் உண்மையும்கூட.

ஊர் நாறியது. ஆனால் எவ்வளவு கௌரவமான நாற்றம்! கதிரை ஆசை எல்லோருக்கும் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு தாச்சியில் ஏறி மிதித்தார்கள். வாசலில் பெரிய குவியல் இருந்தால் பெரிய மனிதர். ஈ அதிகம் மொய்த்தால் யோக்கியன். நான் என் குவியலைத் தினமும் அகப்பையால் தட்டிக் கூர்மையாக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஸலாம் சொல்வேன்.

இரண்டாம் பறிப்பு முடிந்து ஒருநாள் காலை கதவைத் திறந்தேன். குவியல் இல்லை.

வெறும் தரையில் ஒரு சிவந்த வட்டம். உள்ளே காயவைத்த கோப்பி, வெளியே தோல் இல்லை. மறுபடியும் நான் கள்ளன்! செருப்பும் போடாமல் ஓடினேன். வழியில் ஒருவர், “என்ன களவு போச்சு?” என்று கேட்டார். “குப்பை! என்ட குப்பையக் களவெடுத்துட்டாங்க!” என்று அழாத குறையாகக் கத்தினேன். அவர் பகிடி என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

விதானையார் வீட்டில் எனக்கு முன்பே கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். “தோட்டத்துத் தோல் குழியில பாதிய காணோமுங்க” என்றார். “இப்போ காப்பிக் களத்துக்கு ஒரு காவல், குப்பைக் குழிக்கு ஒரு காவல். தொரை என்னைய பைத்தியக்காரன்னு நினைக்கிறாருங்க.” கோப்பியைக் களவெடுத்தவன் அதற்குத் தேவையான சாட்சியையும் சேர்த்துக் களவெடுக்கத் தொடங்கியிருந்தான்.

“விதானையார், நான் கள்ளன் இல்லையென்டு உங்களுக்குத் தெரியும்தானே?” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றார் அவர். “ஆனா தோல் எங்க? பின்னேரத்துக்குள்ள காட்டு.”

திரும்பி நடந்தேன். அப்போதுதான் மச்சானின் வாசல் கண்ணில் பட்டது. அவருக்கு இருந்தது நாலே நாலு செடி. வாசலில் இருந்தது ஒரு மலை. கட்டுகஸ்தோட்டையில் வண்டிக்காரர்களிடம் கழுவிய கோப்பி மலிவாகக் கிடைக்கிறது என்று போன வாரம் அவரே வாய்தவறி என் மனைவியிடம் சொல்லியிருந்தார். வாங்கிய கோப்பிக்குத் தோல் வேண்டாமா? வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு முட்டாள் தினமும் தட்டித் தட்டிக் கூர்மையாக்கி வைத்திருந்தான்.

கூடையை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போய் அள்ளத் தொடங்கினேன். மச்சான் வெளியே வந்தார். கத்த வாயெடுத்தார். என்னவென்று கத்துவது? கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கூடை கொண்டுபோய் என் வாசலில் கொட்டினேன். வந்து மறு கூடை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நாங்கள் இருவரும் அவர்களுக்கு ஸலாம் சொன்னோம்.

கடைசியில் மச்சான் மெல்லச் சொன்னார்: “கொஞ்சம் எனக்கும் வச்சிட்டுப் போங்களே, மச்சான்.”

“எவ்வளவு?”

“உங்கட மனசு.”

நாலு செடிக்கு எவ்வளவு தோல் வருமோ அவ்வளவை விட்டு வைத்தேன். அகப்பையால் தட்டிக் கூர்மையாக்கியும் கொடுத்தேன். அவர் அந்தச் சின்னக் குவியலைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளே எத்தனை சாக்கு இருந்ததோ, அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகமாக மாறியது. தமுக்குக் கேட்ட அன்று நான் கண்ணாடியில் பார்த்த முகம்.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. என் வாசலில் விதானையார் தோல் குவியலைச் சுற்றிப் பார்த்து, தலையை ஆட்டி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓயாப் பக்கம் போனார். சற்று நேரத்தில் மச்சான் வீட்டுப் பின்கதவு திறந்தது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, தோளில் வாங்கிய கோப்பி நிறைந்த ஒரு பெரிய கூடையோடு, மழையைக் கிழித்துக்கொண்டு அவரும் ஓயாப் பக்கம் ஓடினார்.

“மச்சான்! இப்ப வேணாம்! அவர் குளிக்கிற நேரம்!” என்று ஜன்னலால் தலையை நீட்டித் தொண்டை கிழியக் கத்தினேன்.

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.